சிறியவள் என்றால் மதிப்பில்லாதவளா?

அன்புள்ள அக்காவுக்கு, தோத்திரம்.

எனக்கு 38 வயது. நாகர்கோவில் பக்கம் ஒரு மருத்துவமனையில் லேப் டெக்னீஷியனாக இருக்கிறேன். கணவர் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறார், நல்ல மனுஷன். ஒரே மகள், நான்காம் வகுப்பு படிக்கிறாள். வெளியே இருந்து பார்த்தால் எனக்கு ஒரு குறையும் கிடையாது. அதனாலேயே இதை யாரிடமும் சொல்ல வாய் வரவில்லை.

என் அப்பா உபதேசியாராக இருந்தவர். மூன்று வருடத்துக்கு முன் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். தைத்த சட்டையும் பழைய சைக்கிளுமாகவே வாழ்ந்தவர், அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. ஆனால் எங்கள் வீட்டில் யாரும் யாரையும் பாராட்டியது கிடையாது. பத்தாம் வகுப்பில் நான் பள்ளியிலேயே முதலாவதாக வந்தபோது மார்க் ஷீட்டை மடித்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு, "பெருமையுள்ளவர்களுக்கு தேவன் எதிர்த்து நிற்கிறார். நீ வெறும் தூசி. மறந்துராத" என்றார். அன்றையிலிருந்து எது நன்றாக நடந்தாலும் அந்தச் சத்தம் எனக்குள் கேட்கிறது.

போன வருடம் மழைக்காலத்தில் காய்ச்சலோடு ஒரு சின்னப் பையனைக் கொண்டுவந்தார்கள். பிளேட்லெட் குறைவாக இருந்தது. டெங்கு சீசன் என்பதால் எல்லாரும் டெங்கு என்றே நினைத்தோம். எனக்கு என்னவோ மனசு கேட்கவில்லை. ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் மெல்லியதாகத் தேய்த்து ஸ்மியர் போட்டு, சாயம் ஏற்றி, எண்ணெய் விட்டுப் பார்க்கிற லென்ஸில் வைத்துப் பார்த்தேன். பெரிய பெரிய செல்கள். உள்ளே இருக்கிற கரு, அதாவது நியூக்ளியஸ், செல் முழுவதையும் அடைத்துக்கொண்டு, ஓரத்தில் நீலமாக ஒரு கோடு மாதிரி கொஞ்சம் இடம்தான் மிச்சம். உடனே டாக்டரைக் கூப்பிட்டேன். ரத்தப் புற்றுநோய். அன்றைக்கே பையனைத் திருவனந்தபுரத்துக்கு அனுப்பிவிட்டார்கள். சிகிச்சை நடக்கிறது, தேறி வருகிறான் என்று சொல்கிறார்கள். அடுத்த வாரக் கூட்டத்தில் டாக்டர் எல்லார் முன்னாலும் என் பெயரைச் சொல்லிப் பாராட்டினார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது அக்கா. வீட்டுக்கு வந்து, அப்படிச் சந்தோஷப்பட்டதற்காக முழங்கால் போட்டு மன்னிப்புக் கேட்டேன்.

அப்புறம் பொங்கல் லீவுக்குக் கொடைக்கானல் போனோம். சூரிய ஆராய்ச்சிக் கூடத்தில், சூரியனில் தெரியும் ஒரு கரும்புள்ளிக்குள் நம் பூமியே அடங்கிவிடும் என்று விளக்கிச் சொன்னார்கள். அன்று இரவு மன்னவனூர் பக்கம் தங்கியிருந்தோம். குளிர். ஒரு மேகம்கூட இல்லை. அவ்வளவு நட்சத்திரத்தை நான் ஜென்மத்தில் பார்த்ததில்லை. மகள் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு குதிக்கிறாள். எனக்கோ நெஞ்சு படபடவென்று அடித்தது. நாற்காலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். இதையெல்லாம் உண்டாக்கினவருக்கு நான் யார்? நாகர்கோவிலில் ஒருத்தி முணுமுணுக்கிற ஜெபம் இத்தனைக்கும் நடுவே எங்கே போய்ச் சேரும்? அந்த இரவுக்குப் பிறகு ஜெபம் வரவில்லை. எட்டாம் சங்கீதம் வாசிக்கும்போது மற்றவர்கள் முகம் மலர்கிறது. "அவன் எம்மாத்திரம்" என்பது மட்டும்தான் என் காதில் விழுகிறது. நான் இல்லாமல் போனாலும் உலகத்துக்கு ஒன்றும் ஆகாது என்று சில ராத்திரி தோன்றுகிறது.

இந்த நேரம் பார்த்து மருத்துவமனையில், புதிதாக வரும் டிப்ளமோ பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிற பொறுப்பை என்னை எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். எனக்கு என்ன தகுதி என்று மறுத்துவிடத்தான் நினைத்திருந்தேன்.

ஆனால் போன வாரம் மகளின் பையில் சுருட்டி ஒளித்து வைத்திருந்த ஒரு சான்றிதழைப் பார்த்தேன். ஓவியப் போட்டியில் இரண்டாம் பரிசு. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சந்தோஷப்பட்டா அது பெருமையாயிருமாம்மா?" என்று கேட்கிறாள். எனக்கு உயிரே போய்விட்டது.

தாழ்மையையும் விடக்கூடாது, எனக்கும் தேவன் முன் ஒரு மதிப்பு உண்டு என்றும் நம்ப வேண்டும். இரண்டும் ஒருசேர எப்படி முடியும்? சொல்லுங்கள் அக்கா.

ஒரு தங்கை,
கன்னியாகுமரி மாவட்டம்

---

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தில் ஒரு வரியைப் பற்றி முதலில் பேசிவிடுகிறேன். "நான் இல்லாமல் போனாலும் ஒன்றும் ஆகாது" என்று சில ராத்திரி தோன்றுவதாக எழுதியிருக்கிறீர்கள். அதை நீங்கள் ஆன்மிகக் கேள்வியோடு சேர்த்து எழுதிவிட்டீர்கள். நான் அதைத் தனியாகத்தான் எடுத்துக்கொள்வேன். அந்த எண்ணம் அடிக்கடி வந்தாலோ, உயிரை மாய்த்துக்கொள்ளலாமா என்கிற அளவுக்குப் போனாலோ, விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். கணவரை எழுப்பிச் சொல்லுங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்கு எந்த நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. தூக்கம், பசி, வேலையில் ஈடுபாடு இவை இரண்டு வாரத்துக்கு மேல் குறைந்தே இருந்தால் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். ஹீமோகுளோபினும் தைராய்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஊருக்கெல்லாம் ரத்தம் எடுக்கிற நீங்கள் உங்களுக்கு எடுத்துப் பார்த்து எவ்வளவு நாளாயிற்றோ! ஜெபம் வறண்டதற்கு உடம்பும் ஒரு காரணமாக இருக்கலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சரி, இப்போது அப்பா. அவர் உங்களை நேசித்தார் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. பெருமை தன் பிள்ளையைக் கெடுத்துவிடுமோ என்று பயந்தார். ஆனாலும், தாழ்மை கற்றுக்கொடுக்கிறேன் என்று பிள்ளைகளை மட்டம்தட்டும் பழக்கம் நம் சபைகளிலும் வீடுகளிலும் நிறைய இருக்கிறது, அது தவறு என்று நான் பல வருடமாகச் சொல்லிக்கொண்டு இருக்கிறேன். "இதைத் தவறாகச் செய்தாய்" என்றால் பிள்ளை அதைத் திருத்திக்கொள்ளும். "நீ ஒன்றுமில்லை" என்றால் எதைத் திருத்துவது? முதலாவது குற்ற உணர்வு, அது காரியத்தோடு முடிந்துவிடும். இரண்டாவது அவமான உணர்வு, அது ஆளையே பிடித்துக்கொள்ளும். பதினைந்து வயதில் கையில் மார்க் ஷீட்டோடு நின்றவளைப் பிடித்தது இந்த இரண்டாவது. அதைத்தான் இத்தனை காலமும் தாழ்மை என்று நினைத்து வைத்திருக்கிறீர்கள்.

மன்னவனூரில் நடந்ததையும் இங்கிருந்துதான் பார்க்க வேண்டும். மிகப் பெரிய ஒன்றின் முன்னே நிற்கும்போது மனிதருக்கு வரும் பிரமிப்பைப் பற்றி டாக்கர் கெல்ட்னர், ஜோனதன் ஹைட் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2003-ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். நம் அளவுக்குள் அடங்காத ஒன்றைக் காண்பதும், அதை ஏற்க நம் மனம் தன்னை மாற்றி அமைத்துக்கொள்ளத் திணறுவதும் சேர்ந்ததுதான் பிரமிப்பு என்று விளக்கினார்கள். அந்தத் திணறல் சிலருக்கு ஆனந்தமாகும், சிலருக்குப் பயமாகும். அச்சம் கலந்த பிரமிப்பை ஆய்வாளர்கள் தனி வகையாகவே பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். ஆகவே உங்கள் நெஞ்சு படபடத்தது விசுவாசக் குறைவு இல்லை. அன்று ஒரே வானத்தின் கீழ் இரண்டு பேர் நின்றீர்கள். மகள் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நீங்கள் அப்பாவின் ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். வானம் என்னவோ ஒன்றுதான்.

தான் சிறியவர் என்று உணர்ந்த மனிதர் அப்புறம் என்ன செய்கிறார்? இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக வளாகத்தில் 200 அடிக்கு மேல் வளர்ந்த தைல மரத் தோப்பு ஒன்று உண்டு. 2015-ல் வெளியான ஓர் ஆய்வில், சிலரை அந்த மரங்களை ஒரு நிமிடம் அண்ணாந்து பார்க்கச் சொன்னார்கள், வேறு சிலரைப் பக்கத்தில் இருந்த கட்டடத்தைப் பார்க்கச் சொன்னார்கள். பிறகு ஆய்வு நடத்தியவர் தற்செயல்போலக் கையிலிருந்த பேனாக்களைக் கீழே சிந்தினார். மரத்தைப் பார்த்தவர்கள்தான் அதிகப் பேனாக்களைப் பொறுக்கிக் கொடுத்தார்கள். எனக்கு இது சேரவேண்டும், அது சேரவேண்டும் என்ற எண்ணமும் அவர்களிடம் குறைவாக இருந்தது. ஒரே ஒரு நிமிடம், அதுவும் கொடைக்கானல் சாலையோரம் நாம் திரும்பிக்கூடப் பார்க்காமல் தாண்டிப் போகிற அதே தைல மரம்.

தான் சிறியவர் என்ற உண்மையான உணர்வு ஒருவரைத் தன்னை விட்டு வெளியே கொண்டுவருகிறது. பக்கத்தில் நிற்பவர் கண்ணில் படுகிறார். உங்களுக்கோ அன்று இரவு முழுவதும் "நான் யார், என் ஜெபம் எங்கே போகும்" என்பதே ஓடியிருக்கிறது. கர்வம் பிடித்தவரும் நாள் முழுவதும் தன்னையே பார்க்கிறார், தன்னை வெறுப்பவரும் தன்னையேதான் பார்க்கிறார். உங்களைக் கடிந்துகொள்ள இதைச் சொல்லவில்லை, தங்கையே. "நான் தூசி" என்று எத்தனை முறை சொல்லிக்கொண்டாலும் தாழ்மை வந்து சேராது என்பது தெரிந்தால் அந்தப் பாரத்தை இறக்கி வைப்பீர்களே என்றுதான் சொல்கிறேன்.

இனி எட்டாம் சங்கீதம். நீங்கள் நின்றுபோன இடத்திலிருந்து வாசிப்போம். "மனுஷனை நீர் நினைக்கிறதற்கும், மனுஷகுமாரனை நீர் விசாரிக்கிறதற்கும் அவன் எம்மாத்திரம் என்கிறேன்." இதைப் பாடிய தாவீதின் ஆச்சரியம் எதைப் பற்றி? மனிதன் சிறியவன் என்பது அவருக்குப் புதுச் செய்தி இல்லை. ஆடு மேய்த்தவர், இரவு வானம் அவருக்குப் பழகியது. இவ்வளவு சிறியவனை தேவன் நினைக்கிறாரே, விசாரிக்கிறாரே என்பதில்தான் அவர் மலைத்துப்போகிறார். நினைக்கிறார் என்பது அவருக்குச் சந்தேகமே இல்லாத உண்மை. அங்கே நிறுத்தாமல் அடுத்த வசனத்துக்கே போய்விடுகிறார்: "மகிமையினாலும் கனத்தினாலும் அவனை முடிசூட்டினீர்." உங்கள் அப்பா சொல்லிக்கொடுத்தது முதல் பாதி. அது பொய் இல்லை. ஆனால் பாடல் அங்கே முடியவில்லை. இரண்டாம் பாதியை விட்டுவிட்டு முதல் பாதியை மட்டும் ஒரு பிள்ளையின் கையில் கொடுப்பது வேதத்துக்கும் நியாயமில்லை, பிள்ளைக்கும் நியாயமில்லை.

பெரியதற்குத்தான் மதிப்பு என்ற கணக்கு நம் தலைக்குள் எப்படியோ புகுந்துவிடுகிறது. பால்வீதியில் குறைந்தது 10,000 கோடி நட்சத்திரங்கள், ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒளி போய்ச்சேரவே ஏறக்குறைய 1,00,000 ஆண்டுகள், அப்படியானால் நான் எம்மாத்திரம் என்று கேட்கிறோம். இந்தக் கணக்கு தவறு என்பது மற்ற யாரையும்விட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதைத்தான் நீங்கள் தினமும் வேலையாகச் செய்கிறீர்கள்.

நாளைக்கு லேப்பில் ஒரு ஸ்லைடை வைத்துவிட்டு, ரிப்போர்ட் எழுதும் அவசரம் இல்லாமல் கொஞ்ச நேரம் பாருங்கள். ஒரு சிவப்பணுவின் அகலம் 7 மைக்ரான் சொச்சம், ஒரு மில்லிமீட்டரில் நூற்றுக்கும் மேல் அடுக்கலாம். அது தன் நியூக்ளியஸையே விட்டுக்கொடுத்து, அந்த இடம் முழுவதையும் ஹீமோகுளோபினுக்குக் கொடுத்திருக்கிறது. ஒரு சிவப்பணுவுக்குள் ஏறக்குறைய 27 கோடி ஹீமோகுளோபின் மூலக்கூறுகள், ஒவ்வொன்றிலும் 4 இரும்பணுக்கள். 120 நாள் ஓடி உழைத்துவிட்டு அது ஓய்கிறது. அதற்கு ஈடாக நம் எலும்பு மஜ்ஜையில் வினாடிக்கு 20 லட்சம் அளவில் புதியவை பிறக்கின்றன. நீங்கள் நாற்காலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, என்னை யார் நினைக்கப்போகிறார்கள் என்று நடுங்கிய அந்த ஒரு நிமிடத்திலும் உங்களுக்குள் 12 கோடி சிவப்பணுக்கள் பிறந்திருக்கும். நீங்கள் கேட்கவில்லை, ஜெபிக்கவும் இல்லை.

அந்த இரும்பு எங்கிருந்து வந்தது என்றும் சொல்கிறேன். நம் சூரியனால் இரும்பை உருவாக்க முடியாது, அதற்கு அந்த அளவு வெப்பம் போதாது. வேறு நட்சத்திரங்கள் எப்போதோ எரிந்து, வெடித்துச் சிதறியதில் உண்டானது அது. பூமியில் சேர்ந்து, கீரையிலும் கேழ்வரகிலும் ஏறி, இன்று நீங்கள் அளக்கிற ஹீமோகுளோபினுக்குள் இருக்கிறது. உங்களை நடுங்க வைத்த வானமும் நீங்கள் குனிந்து பார்க்கிற ஸ்லைடும் ஒரே கையின் வேலை. "நான் பிரமிக்கத்தக்க அதிசயமாய் உண்டாக்கப்பட்டபடியால், உம்மைத் துதிப்பேன்" என்று 139-ஆம் சங்கீதம் சொல்வதும் உங்களைப் போன்ற ஒரு மனித உடம்பைப் பற்றித்தான்.

காய்ச்சலோடு வந்த அந்தப் பையனை நினைத்துப் பாருங்கள். அவனுடைய ஸ்லைடில் நீங்கள் கண்டது கண்ணுக்கே தெரியாத சில செல்கள். இவ்வளவு சின்னதைப் போய்ப் பார்ப்பானேன் என்று நீங்கள் ஸ்லைடை எடுத்து வைத்துவிடவில்லை. சின்னதாக இருந்ததால்தான் எண்ணெய் விட்டு, லென்ஸை மாற்றி, கண்ணை ஒட்டிவைத்துப் பார்த்தீர்கள். ஒரு குழந்தையின் உயிரே அதில் இருந்தது. சிறியதை நுணுகிக் கவனிப்பது அன்பின் வேலை என்று உங்கள் கைக்கும் கண்ணுக்கும் தெரிந்திருக்கிறது. உங்களை உண்டாக்கினவருக்குத் தெரியாமல் போகுமா? வானத்தை விரித்தவர் அந்த வேலையில் களைத்துப்போய் உங்களைக் கவனிக்காமல் விட்டுவிடவில்லை. அவர் பெரியவர் என்பதால்தான் அவருக்கு எதுவும் கவனிக்க முடியாத அளவுக்குச் சிறியதாகிவிடுவதில்லை.

டாக்டர் பாராட்டியபோது வந்த சந்தோஷத்துக்கு மன்னிப்புக் கேட்டதாக எழுதியிருந்தீர்கள். அந்தச் சந்தோஷத்தில் பையன் பிழைப்பான் என்பது பாதிக்கு மேல் இருந்திருக்காதா? மீதி, நான் கற்றுக்கொண்ட வேலை ஒருவருக்கு உதவியது என்ற நிறைவு. இதில் எது பாவம்? அடுத்த முறை யாராவது பாராட்டினால் "ஐயோ, நான் ஒன்றும் செய்யவில்லை" என்று சொல்லாதீர்கள். அது உண்மையும் இல்லை. "நன்றி டாக்டர், பையன் தேறினால் அதுவே போதும்" என்று சொல்லுங்கள். வீட்டுக்கு வந்ததும் முழங்கால் போடுங்கள், தாராளமாக. ஆனால் மன்னிப்புக் கேட்காதீர்கள். இந்தக் கண்ணையும் கையையும் கொடுத்ததற்கு ஸ்தோத்திரம் சொல்லுங்கள். முதலில் ஒட்டாத மாதிரிதான் இருக்கும். பரவாயில்லை, சொல்லிக்கொண்டே இருங்கள். வறண்டுபோன ஜெபம் திரும்ப ஆரம்பிக்க இந்த ஒரு வாக்கியம் போதும்.

அப்பா சொன்ன தூசியை வேதத்தில் ஒரு இடத்தில் பாருங்கள். ஆதியாகமம் 18-ஆம் அதிகாரத்தில் ஆபிரகாம் தன்னைத் தூளும் சாம்பலும் என்றுதான் சொல்லிக்கொள்கிறார். ஆனால் எப்போது? சோதோம் பட்டணத்துக்காக ஆண்டவரோடு வாதாடிக்கொண்டிருக்கும்போது. 50 நீதிமான்கள் இருந்தால், 45 இருந்தால், 40 இருந்தால் என்று கேட்டுக் கேட்டு 10 வரைக்கும் இறக்குகிறார். தூசிதான், ஆனால் வாயை மூடிக்கொண்டு ஒதுங்கிய தூசி இல்லை. மற்றவர்களுக்காகத் தேவனிடமே நியாயம் கேட்கும் அளவுக்குத் தைரியம் அந்தத் தாழ்மைக்கு இருந்தது. அவரும் பொறுமையாக ஒவ்வொரு தடவையும் பதில் சொல்கிறார். எனக்கு இந்த அதிகாரம் மிகவும் பிடிக்கும், துவண்டு வருகிறவர்களிடம் இதை வாசிக்கச் சொல்லாமல் அனுப்புவதில்லை.

மகள் விஷயத்தைத் தள்ளிப்போடாதீர்கள். இன்றைக்கே அந்தச் சான்றிதழை எடுத்து நேராக்கி, கண்ணில் படும் இடத்தில் ஒட்டுங்கள். அவளை உட்காரவைத்து, "நீ வரைந்ததில் எனக்கு எது பிடித்தது தெரியுமா" என்று ஆரம்பித்து அந்தப் படத்தைப் பற்றிப் பேசுங்கள். எந்த நிறம், எந்த இடம், எப்படி யோசித்தாள் என்று கேளுங்கள். நீ உலகத்திலேயே கெட்டிக்காரி என்றெல்லாம் ஏற்றிவிட வேண்டாம், அதுவும் பிள்ளைக்குப் பாரம்தான். "சந்தோஷப்படு, ஆண்டவருக்கு நன்றி சொல்லு. முதல் பரிசு வாங்கின பிள்ளையின் படம் எப்படி இருந்தது, சொல்லு பார்ப்போம்" என்று கேளுங்கள். அடுத்தவரின் படத்தையும் ரசிக்கத் தெரிந்த பிள்ளைக்குப் பெருமை வந்துவிடும் என்று பயப்பட வேண்டியதில்லை. தாத்தா என்னிடம் வேறு மாதிரி சொன்னார், அதில் எனக்குக் கஷ்டம் இருந்தது என்று அவளுக்குப் புரிகிற அளவில் சொன்னால்கூடத் தப்பில்லை.

அப்புறம் ஒரு பயிற்சி. 2020-ல் வெளியான ஓர் ஆய்வில், முதியவர்கள் சிலரை வாரம் ஒருமுறை 15 நிமிடம் நடக்கச் சொன்னார்கள், எட்டு வாரத்துக்கு. ஒரே நிபந்தனை, நடக்கும்போது புதிதாக, வியப்பாக எதையாவது தேடிப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு நடையிலும் தங்களைப் போட்டோ எடுக்கவும் சொன்னார்கள். வாரங்கள் போகப் போகப் படத்தில் அவர்கள் உருவம் சிறிதாகி, பின்னால் இருந்த காட்சி பெரிதாகிக்கொண்டே வந்தது. முகத்தில் சிரிப்பும் கூடியது. சிறிதாவதும் சிரிப்பதும் ஒன்றாக நடந்ததைக் கவனியுங்கள்.

உங்களுக்கு நட்சத்திரத்தில் ஆரம்பிக்க வேண்டாம், அந்தப் பயம் இன்னும் ஆறவில்லை. பக்கத்திலேயே மணக்குடிக் காயலும் புத்தளம் உப்பளமும் இருக்கின்றன. குளிர்காலத்தில் காலையில் மகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். உப்பளத்து ஓரச் சேற்றில் கொசு உள்ளான் என்ற பறவைக் கூட்டம் ஓடி ஓடிக் கொத்திக்கொண்டிருக்கும். கூர்ந்து பார்த்தால்தான் தெரியும், அவ்வளவு சிறியது. எடை ஏறக்குறைய நம் சிட்டுக்குருவி அளவு. அது கூடு கட்டுவது வடதுருவத்தை ஒட்டிய ரஷ்யக் கரைகளில். அங்கே பனி இறுகும் முன் கிளம்பி, பல ஆயிரம் கிலோமீட்டர் பறந்து, நம் ஊர் உப்பளத்தில் வந்து இரை தேடுகிறது. குருவிகளில் ஒன்றுகூட உங்கள் பிதாவின் சித்தமில்லாமல் தரையில் விழாது என்று இயேசு சொன்னதை அங்கே நின்று மகளுக்குச் சொல்லுங்கள். "அநேகம் அடைக்கலான் குருவிகளைப்பார்க்கிலும் நீங்கள் விசேஷித்தவர்களாயிருக்கிறீர்கள்" என்று அவர் தொடர்ந்து சொன்னதையும் சேர்த்தே சொல்லுங்கள். வானத்தை அப்புறம் பார்க்கலாம், அடுத்த பொங்கலுக்கு. அப்போது கணவரின் இன்னொரு கையை நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள்.

பயிற்சிப் பொறுப்பை ஏற்றுக்கொள்ளுங்கள். உங்களுக்குத் தகுதி உண்டா என்ற கேள்விக்கு அந்தப் பையனின் ஸ்லைடு பதில் சொல்லிவிட்டது. எந்திரம் கொடுக்கும் எண்ணோடு நின்றுவிடாமல், மனசு கேட்காவிட்டால் ஸ்மியர் போட்டுப் பார்க்க வேண்டும் என்பதை அந்தப் புதுப் பிள்ளைகள் யாரிடம் கற்றுக்கொள்வார்கள்? நீங்கள் மறுத்தால் நஷ்டம் உங்களுக்கு மட்டும் இல்லை, நாளைக்கு அவர்கள் கையில் வரப்போகும் ரத்தத்துக்குச் சொந்தக்காரர்களுக்கும்தான். மாதக் கடைசி வரை காத்திருக்காமல் இந்த வாரமே சரி என்று சொல்லிவிடுங்கள். பொறுப்பு கூடுகிறது என்றால் சம்பளமும் நேரமும் எப்படி என்பதையும் கூச்சப்படாமல் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். டாக்டரைப் பார்த்த பிறகு எனக்கு ஒரு கடிதம் எழுதுங்கள், ரத்தப் பரிசோதனையில் என்ன வந்தது என்பதையும் சேர்த்து.

அன்புடன்,
அக்கா